எல்லாம் இருக்கா டாக்டர்?

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ சில வாரம் பிணவறை ட்யூட்டி போட்டாங்க. ஒருநாள் ரயிலில் அடிபட்ட ஒருத்தரோட உடல் வந்தது. போஸ்ட்மார்ட்டம் முடித்து, தைத்து, வெள்ளைத் துணி சுற்றி வெளியே கொண்டுவந்தோம். அவருடைய அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"எல்லாம் இருக்கா டாக்டர்? ஒண்ணும் விட்டுப்போகலையே?"

வலது காலில் மூணு விரல் இல்லை. தண்டவாளத்தில் தேடிப் பார்த்தும் கிடைக்கலைன்னு போலீஸ்காரர் சொல்லியிருந்தார். நான் "எல்லாம் இருக்குங்கய்யா"ன்னு சொல்லிட்டேன். அவர் கும்பிட்டுட்டுப் போனார்.

அந்த மூணு விரல் விஷயத்தை அவர்கிட்ட சொல்லணுமா, சொன்னா அவர் திரும்பப் போய்த் தேடுவாரா, விட்டுடுவாரா, இதெல்லாம் அவர் எடுக்க வேண்டிய முடிவு. இருபத்தி மூணு வயசுப் பையன் நான் எடுத்துட்டேன். இந்த இழை முழுக்க இதே கேள்விதான். ஆனா இடம் நியூயார்க், ஆட்கள் ஆயிரக்கணக்கில்.

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரம் விழுந்த காட்சியைப் பார்க்காதவங்க குறைவு. அந்த இடத்தில் மட்டும் இறந்தவர்கள் 2,753 பேர். முழு உடலாகக் கிடைத்தவர்கள் 300-க்கும் குறைவு. மீதி எல்லாம் துண்டுகள். எண்ணிப் பார்த்தப்போ கிட்டத்தட்ட 22,000.

அந்த நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் டாக்டர் சார்லஸ் ஹிர்ஷ். நம்ம ஊர்க் கணக்கில் தடயவியல் துறைத் தலைவர்னு வெச்சுக்கோங்க. அன்னிக்கு நேரில் போனவர், கோபுரம் விழுந்தப்போ காயம்பட்டுத் திரும்பினார். அவருடைய அலுவலகம் குடும்பங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: கிடைத்த துண்டுகளில் யாருடையது எதுன்னு கண்டுபிடிக்கிற வேலையை நிறுத்த மாட்டோம்.

இதில் உள்ள சிரமத்தை எளிமையா சொல்றேன். ஒரு எலும்புத் துண்டு யாருடையதுன்னு பார்க்க, அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அவர் வீட்டில் விட்டுப்போன பல்துலக்கி, சீப்பு, ஷேவிங் ரேஸரில் இருப்பதோடு ஒப்பிடணும். இல்லைன்னா அப்பா, அம்மா, பிள்ளைகளோட கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்து ஒப்பிடணும். ஆனா டிஎன்ஏவுக்கு வெப்பம் ஆகாது, ஈரம் ஆகாது, பாக்டீரியா ஆகாது. அந்த இடிபாட்டில் இது எல்லாமே இருந்தது. விமான எரிபொருள் வேற. மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்த குவியல் அது, அதன்மேல் தண்ணீரும் பீய்ச்சி அடிச்சிட்டே இருந்தாங்க.

2005-ல் "இப்போதைய தொழில்நுட்பத்தில் இதுக்கு மேல் முடியாது"ன்னு சொல்லி வேலையை நிறுத்தி வெச்சாங்க. ஆனா துண்டுகளை உலர்த்தி, காற்றுப்புகாத பைகளில் போட்டுப் பத்திரப்படுத்தினாங்க. நாளைக்கு நல்ல முறை வரலாம், அப்போ எடுத்துப் பார்க்கலாம்னு. அப்படியே ஆச்சு. திரும்ப ஆரம்பிச்சாங்க. திரவ நைட்ரஜனில் உறையவைத்து எலும்பை மாவாக அரைச்சு டிஎன்ஏ எடுக்கிற முறை பிற்பாடு வந்தது.

நம்ம பக்கம் 2004 சுனாமியை நினைச்சுப் பார்த்தேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் இறப்பு. பெரிய பெரிய குழி தோண்டி மொத்தமாப் புதைச்சோம். அன்றைய சூழலில் வேற வழி இல்லைன்னும் சொல்லலாம். இதை ஒப்பிடுவதற்காகச் சொல்லலை, அந்த ஆய்வகத்துக்கு எவ்வளவு பொறுமை இருந்ததுன்னு புரியறதுக்காகச் சொல்றேன்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வெச்ச ஒரு விஷயம் உண்டு. ஒரே மனிதருடைய 200-க்கும் மேற்பட்ட துண்டுகள் தனித்தனியா அடையாளம் காணப்பட்டது உண்டு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்றதா? இருநூறு தடவை ஒரு அம்மா அந்தப் போனை எடுக்கணுமா? அவங்க என்ன செஞ்சாங்கன்னா, குடும்பத்தையே கேட்டாங்க. கிடைக்கக் கிடைக்கச் சொல்லணுமா, இனிமே சொல்லவே வேண்டாமா, நீங்களே எழுதிக் கொடுங்கன்னாங்க. சில வீடுகள் ஒவ்வொண்ணுக்கும் வந்து வாங்கிட்டுப் போனாங்க. சில வீடுகள் போதும்னுட்டாங்க. ரெண்டுமே சரிதான். எரிச்ச மறுநாள் பால் தெளிச்சு எலும்பு பொறுக்கி, அதைக் கொண்டுபோய்க் கரைச்சாத்தான் காரியம் முடிஞ்சதா நினைக்கிற நமக்கு, அந்த முதல் வகை வீடுகளைப் புரிஞ்சுக்கிறது கஷ்டமில்லை.

இனி நினைவிடத்துக்கு வருவோம்.

வடிவமைப்புக்கு உலகளாவிய போட்டி வெச்சாங்க. 63 நாடுகளிலிருந்து 5,201 வடிவங்கள் வந்தன. நடுவர் 13 பேர். அதில் இறந்தவர் குடும்பத்திலிருந்து எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்.

2004 ஜனவரியில் மைக்கேல் அராட் என்ற 34 வயசுக்காரரின் வடிவம் ஜெயித்தது. நியூயார்க் வீட்டுவசதி வாரியத்தில் வேலை பார்த்த கட்டடக்கலைஞர் அவர். கோபுரங்கள் நின்ற அதே இடத்தில் ரெண்டு பெரிய சதுரக் குளம், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். நாலு பக்கமும் தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் இறந்தவர்கள் பெயர்.

பெயர்களை எந்த வரிசையில் எழுதுறதுன்னு வந்தப்போதான் சண்டை ஆரம்பிச்சது.

அராட் சொன்னது: எந்த வரிசையும் வேண்டாம், கலைச்சுப் போட்டு எழுதுவோம். சாவு அன்னிக்கு யாரையும் வரிசை பார்த்து எடுக்கலை, அதனால் பெயரும் அப்படியே இருக்கட்டும். ஒரு கலைஞனோட பார்வையில் நியாயமான யோசனை. ஆனா குடும்பங்கள் கொதிச்சுட்டாங்க. தீயணைப்புத் துறையில் மட்டும் 343 பேர் செத்திருந்தாங்க. அவங்களைச் சேர்ந்தவங்க, பதவியோடு, பிரிவோடு, ஒண்ணா எழுதணும்னாங்க. கோபுரத்தில் வேலை பார்த்தவங்களோட குடும்பங்களில் சிலர், கம்பெனி பெயரும் மாடி எண்ணும் வேணும், வயசும் வேணும்னாங்க. கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஒரே நிறுவனத்தில் 658 பேர் போயிருந்தாங்க. அவங்களைச் சுவர் முழுக்கச் சிதற விடுறதா? இன்னொரு பக்கம், தீயணைப்பு வீரருக்கு மட்டும் பதவி போட்டா என் மகன் என்ன குறைஞ்சவனான்னு கேட்கிற வீடும் இருந்தது.

"குடும்பங்கள் கேட்கின்றன"ன்னு செய்தியில் படிக்கும்போது ஏதோ எல்லாரும் ஒரே குரலில் பேசுற மாதிரி இருக்கும். அப்படி ஒரு ஆளே கிடையாது. ஒரு வீட்டுக்குள்ளேயே மனைவி ஒண்ணு சொல்வாங்க, மாமியார் ஒண்ணு சொல்வாங்க. ஐசியூ வாசலில் தினம் பார்க்கிறேன்.

2006-ல் நினைவிட அறக்கட்டளைக்குத் தலைவரா வந்தவர், அப்போ நகரத்தின் மேயராகவும் இருந்த மைக்கேல் புளூம்பெர்க். ரெண்டு நாற்காலியிலும் ஒரே ஆள். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னாடி வேணும். அந்த டிசம்பரில் ஒரு நடுவழி சொன்னார். பதவி, வயசு, மாடி, கம்பெனி பெயர் எதுவும் கல்வெட்டில் வராது. ஆனா ஒன்பது பிரிவா பிரிப்போம்: வட கோபுரம், தென் கோபுரம், நாலு விமானம், பென்டகன், மீட்புப் பணிக்குப் போனவர்கள், 1993-ல் அதே இடத்தில் குண்டு வெடிச்சு இறந்தவர்கள். பிரிவுக்குள் யார் பக்கத்தில் யார் என்பதை மட்டும் குடும்பங்களைக் கேட்போம்.

2009-ல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடிதம் போச்சு. உங்கள் ஆளின் பெயர் யார் பெயருக்குப் பக்கத்தில் இருக்கணும்?

பதிலா 1,200-க்கும் மேல் வேண்டுகோள் வந்தது.

ஒரு மகள் கேட்டது: அப்பா ஒரு விமானத்தில் போனார், என் நெருங்கின தோழி வட கோபுரத்தில் இருந்தாள், அந்த விமானம் மோதினது அவள் இருந்த கோபுரத்தில், ரெண்டு பெயரும் பக்கத்தில் வேணும். விமானப் பட்டியல் முடிஞ்சு கோபுரப் பட்டியல் ஆரம்பிக்கிற எல்லையில் ரெண்டையும் சேர்த்து வெச்சாங்க.

இன்னொண்ணு. படிக்கட்டில் இறங்க முடியாமல் ஒருத்தர் உட்கார்ந்துட்டார். முன்பின் தெரியாத இன்னொருத்தர் அவரை விட்டுட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருந்துட்டார். வேற வேற மாடி, வேற வேற கம்பெனி. ரெண்டு பேரும் வரலை. ரெண்டு பெயரும் இப்போ ஒண்ணா இருக்கு. இந்தப் பக்கத்து உறவு எந்த அரசுப் பதிவேட்டிலும் இருக்காது. எந்த வடிவமைப்பாளருக்கும் தோணியிருக்காது. கேட்டதால்தான் வெளியே வந்தது.

152 வெண்கலப் பலகை, 2,983 பெயர். நீளம் வேற வேற, இவருக்குப் பக்கத்தில் அவர், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர்னு சங்கிலி மாதிரிப் போகுது. மனுஷ மூளையால் ஆகிற வேலை இல்லைன்னு முதலில் கணினி நிரல் எழுதி அடுக்கினாங்க, அப்புறம் அராட்டே உட்கார்ந்து கையால் சரிசெய்தார். முதலில் வரிசையே வேண்டாம்னு சொன்ன அதே அராட். பார்க்கிறவருக்கு இன்னிக்கும் அது கலைச்சுப் போட்ட மாதிரிதான் தெரியும். எந்த அடுக்குக்கு என்ன காரணம்னு அந்தந்த வீட்டுக்கு மட்டும் தெரியும். கர்ப்பமா இருந்த பெண்களின் பெயரோடு, பிறக்காத குழந்தையும் சேர்த்து எழுதப்பட்டிருக்கு. அப்படி 11 இடம்.

இங்கே ஒரு டாக்டரா ஒரு இடைச்செருகல். அந்தப் பட்டியலில் யார் பெயர் வரும்னு முடிவு பண்றது குடும்பமும் இல்லை, கலைஞரும் இல்லை. இறப்புச் சான்றிதழ்.

அன்னிக்குப் புழுதி மேகத்தில் மாட்டின ஒரு பெண் வழக்கறிஞர், ஐந்து மாசம் கழிச்சு 2002 பிப்ரவரியில் இறந்தார். நுரையீரலில் சார்காய்டோசிஸ் என்ற நோய். அந்தப் புழுதி இறப்புக்குக் காரணம்னு 2007-ல்தான் டாக்டர் ஹிர்ஷ் ஏற்றுக்கொண்டார். அதுக்கப்புறம்தான் அவர் 9/11-ல் இறந்தவர். பெயர் வெண்கலத்தில் இருக்கு. அதே 2007-ல், இடிபாட்டில் மாதக்கணக்கில் வேலை பார்த்து 2006-ல் இறந்த ஜேம்ஸ் ஸட்ரோகா என்ற காவல்துறை அதிகாரியின் மரணத்துக்குப் புழுதி காரணமில்லைன்னு அதே ஹிர்ஷ் சொன்னார். பக்கத்து மாநில மருத்துவர் ஏற்கெனவே புழுதிதான் காரணம்னு எழுதியிருந்தார். ரெண்டு டாக்டர், ரெண்டு கருத்து. பாதிக்கப்பட்ட மீட்புப் பணியாளர்களுக்கு மருத்துவ உதவி கொடுக்க அமெரிக்கா போட்ட சட்டத்துக்கு ஸட்ரோகாவின் பெயர்தான். நினைவிடத்தில் அந்தப் பெயர் இல்லை. புழுதியால் நோய் வந்து பின்னால் இறந்த தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கை 2023-ல் 343-ஐத் தொட்டது. அன்றைக்கு இறந்த அதே எண்ணிக்கை. இவங்க எல்லாருக்கும் சேர்த்து 2019-ல் பக்கத்திலேயே ஆறு பெரிய பாறைகளோடு ஒரு புல்வெளி திறந்தாங்க. பாறையில் யார் பெயரும் கிடையாது. இறப்புக் காரணம் என்ற அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை அவசரத்தில் கிறுக்கியிருப்பேன்னு இதைப் படிச்சப்போ யோசிச்சேன்.

சரி. பெயர் விஷயத்தில் கேட்டாங்க, நல்லா முடிஞ்சது. எலும்பு விஷயத்துக்கு வருவோம்.

முதல் கசப்பு ஸ்டேட்டன் தீவில். இடிபாட்டை ஃப்ரெஷ் கில்ஸ் என்ற குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய்த்தான் சலித்தாங்க. 18 லட்சம் டன். சலித்த பிறகு மிஞ்சின நுண் தூளில் எரிந்த மனித உடலின் சாம்பலும் கலந்திருக்கும், அதைக் குப்பைமேட்டில் விடாதீங்க, வேற இடத்தில் புதையுங்கன்னு சில குடும்பங்கள் கேட்டாங்க. நகரம் மறுத்தது. வழக்குப் போட்டாங்க. 2008-ல் தள்ளுபடி, 2009-ல் மேல்முறையீடும் போச்சு, 2010-ல் உச்ச நீதிமன்றமும் எடுக்கலை. அந்தத் தூள் இன்னும் அங்கேதான்.

அடுத்தது, அடையாளம் தெரியாத எலும்புகள். சுமார் 1,100 பேருடைய ஒரு துண்டுகூட இதுவரை அடையாளம் காணப்படலை. அவங்க வீட்டுக்கு அடக்கம் பண்ண ஒண்ணுமே கிடைக்கலை. கையிலிருந்த அடையாளம் தெரியாத துண்டுகள் ஏறத்தாழ 8,000. ஆரம்பத்திலேயே குடும்ப அமைப்புகள் சில, "எங்க ஆட்கள் இறந்த இடத்துக்கே அதைக் கொண்டுவாங்க, பாறை மட்டத்தில் வைங்க"ன்னு கேட்டிருந்தாங்க. சரின்னு ஒத்துக்கிட்டாங்க.

பிரச்சினை எங்கே வந்ததுன்னா, அந்தப் பாறை மட்டத்தில் கட்டினது ஒரு அருங்காட்சியகம். தரைக்கு 70 அடி கீழே. 2014-ல் திறந்தப்போ டிக்கெட் 24 டாலர். பரிசுப் பொருள் கடை உண்டு. 2012-ல் சாண்டி புயலில் அந்தப் பள்ளத்துக்குள் பல அடி வெள்ளம் புகுந்திருந்தது. எலும்பு வைக்கிற அறையை மறைக்கிற சுவரில் 2,983 நீலச் சதுரங்கள், நடுவில் லத்தீன் கவிஞர் வெர்ஜிலின் ஒரு வரி, கோபுரத்தின் இரும்பில் செஞ்ச எழுத்தில். அழகாத்தான் இருக்கு. ஆனா அந்த வரி அசல் காவியத்தில் யாரைப் பற்றியதுன்னா, தூங்கிக்கொண்டிருந்த எதிரிகளை வெட்டிச் சாய்ச்சுட்டுப் பிடிபட்டு இறந்த ரெண்டு போர்வீரர்களைப் பற்றி. படிச்சவங்க எடுத்துச் சொன்னாங்க. வரி மாறலை.

நாங்க கேட்டது இது இல்லையேன்னு ஒரு பகுதி குடும்பங்கள் எதிர்த்தாங்க. மேலே, திறந்தவெளியில், காசு கொடுக்காமல் யார் வேணும்னாலும் வந்து தலைகுனிஞ்சு நிக்கிற மாதிரி தனியா ஒரு கல்லறை வேணும்னாங்க. எதிர்த்தவங்க எத்தனை பேர், ஆதரிச்சவங்க எத்தனை பேர்? எல்லாரையும் கேட்டாத்தானே தெரியும். 2011-ல் குடும்ப உறுப்பினர்கள் 17 பேர் நீதிமன்றம் போனாங்க. அவங்க கேட்டது, எலும்பை இங்கே வை, அங்கே வைன்னு இல்லை. இறந்தவர்களின் வாரிசுகள் பெயர், முகவரிப் பட்டியலைக் கொடுங்க, எல்லாருக்கும் எழுதி அபிப்பிராயம் கேட்கணும். அவ்வளவுதான்.

நகரம் கொடுக்கலை. தனியுரிமை என்ற காரணத்தை நீதிமன்றமும் ஏற்றது.

நகரத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அந்த அறை அருங்காட்சியகத்தின் கையில் இல்லை, மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தின் கையில்தான் இருக்கு. டிக்கெட் வாங்கி வர்றவங்க உள்ளே போக முடியாது. குடும்பங்களுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு அறை உண்டு, அவங்களுக்குக் கட்டணமும் இல்லை. முக்கியமா, எலும்பு கைக்கு எட்டுற இடத்தில் இருந்தாத்தான் பரிசோதனை தொடர முடியும். கல்லறையில் வெச்சு மூடிட்டா அது சிரமம். ஒரு மருத்துவரா இந்தக் கடைசிக் காரணம் எனக்கு வலுவானதாத்தான் படுது. எல்லாரையும் கேட்டிருந்தா பாதிப் பேருக்கு மேல் இதை ஏற்றுக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்படின்னா கேட்டிருக்கலாமே? முகவரியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், சரி. நகரமே தபால் போட்டிருக்கலாம். பெயர் யார் பக்கத்தில் வரணும்னு 2009-ல் வீடு வீடாக் கடிதம் போட்ட அறக்கட்டளைக்கும், முகவரி தர மாட்டேன்னு 2011-ல் நீதிமன்றத்தில் நின்ன நகரத்துக்கும் தலைவர் ஒரே ஆள்தானே.

யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கு. பெயர் ஒரு வீட்டோடது. அடையாளம் தெரிஞ்ச எலும்பும் ஒரு வீட்டோடது, போன் பண்ணவா வேண்டாமான்னு அந்த வீட்டைக் கேட்கலாம். அடையாளம் தெரியாத துண்டு அப்படி இல்லை. அது யாருடையதுன்னு தெரியும் வரைக்கும் 1,100 வீட்டுக்கும் அது சொந்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பைகளில் ஏதோ ஒண்ணு தன்னோடதா இருக்கலாம்னு ஒரு எண்ணம். அதில் நாலு அமைப்பைக் கேட்டுட்டு "குடும்பங்கள் சொல்லிட்டாங்க"ன்னு எழுதிக்கிறது போதாது. அதே சமயம், எல்லாரும் ஒத்துப்போகிற வரைக்கும் காத்திருந்தா அந்தப் பைகள் இன்னும் மருத்துவமனைப் பக்கத்துக் கூடாரத்தில்தான் இருக்கும். முதலில் அங்கேதான் வெச்சிருந்தாங்க. கேட்டிருக்கணும், எண்ணிக்கையை வெளியே சொல்லியிருக்கணும், அப்புறம் நகரமே ஒரு முடிவு எடுத்து அதுக்குப் பொறுப்பும் ஏத்துக்கிட்டிருக்கணும். தோத்த பக்கத்துக்குக் கோபம் இருக்கும், ஆனா தன்னைக் கணக்கிலேயே எடுக்கலைங்கிற காயம் இருக்காது. பிணவறை வாசலில் அந்த அண்ணன்கிட்ட நான் மூணு விரலைப் பற்றி உண்மையைச் சொல்லியிருந்தா, அவர் "பரவாயில்லை டாக்டர்"னுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ.

2014 மே 10 விடியற்காலையில் அந்தப் பைகளைக் கொடி போர்த்திய மூணு பெட்டிகளில் வெச்சு, தீயணைப்பு, காவல், துறைமுக ஆணைய வண்டிகளில் ஊர்வலமாக் கொண்டுவந்து கீழே இறக்கினாங்க. மரியாதையாத்தான் நடந்தது. அங்கேயே ஒரு சிறு கூட்டம், வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்னாங்க. பதினொரு நாள் கழிச்சு அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்தது.

மேலே குளத்தோரத்தில், யாருக்காவது பிறந்தநாள் வந்தா வெண்கலத்தில் வெட்டின அவங்க பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறாங்க. கீழே ஆய்வக வேலை நடந்துட்டே இருக்கு. 2025 ஆகஸ்டில் இன்னும் மூணு பேரை அடையாளம் கண்டாங்க, 24 வருஷம் கழிச்சு. ரெண்டு பேர் பெயரை வெளியிட்டாங்க. மூணாவது ஒரு பெண். பெயர் வெளியே வர வேண்டாம்னு அவங்க குடும்பம் கேட்டுக்கிட்டது. நகரம் இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.